மயில்துத்தமும் பத்தாம் வகுப்பு வேதியியலும்: நான் இழந்த இரண்டு ஆண்டுகள்

2004-இல் பத்தாம் வகுப்புத் தேர்வில் எனக்கு அறிவியல் ஒன்றுதான் போனது. மற்ற எல்லாப் பாடங்களிலும் தேறியிருந்தேன். அடுத்த முறை எழுதிக்கொள்ளலாம் என்றார்கள் வீட்டில். அந்த அடுத்த முறை வருவதற்குள் கல்யாணம், பிள்ளைகள், பாபநாசத்துக்கும் அய்யம்பேட்டைக்கும் இடையே வெற்றிலைக் கொடிக்கால் சூழ்ந்த புகுந்த வீடு என்று பதினெட்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. ரேஷன் கடைக் கட்டுநர் வேலைக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்று தெரிந்த அன்று, விட்ட அந்த ஒரு பாடத்தை எழுதியே தீருவது என்று முடிவெடுத்தேன். ஒரு பாடம்தானே, ஆறு மாதம் போதும் என்று நினைத்தேன். இரண்டு ஆண்டு பிடித்தது. அதில் பெரும்பகுதி வேதியியல் சமன்பாடுகளில் போனது. என்னைப் போல வீட்டிலிருந்தபடி தனித்தேர்வராக எழுதப் போகிறவர்களும், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் அம்மாக்களும் இதைப் படிக்க வேண்டும் என்றே எழுதுகிறேன்.

முதல் ஓர் ஆண்டு பாடத்தால் போகவில்லை, விவரம் தெரியாமல் போனது. நான் படித்த காலத்தில் பத்தாம் வகுப்பு அறிவியலுக்குச் செய்முறைத் தேர்வு கிடையாது. இப்போது எழுத்துத் தேர்வு 75 மதிப்பெண், செய்முறை 25. எழுத்தில் குறைந்தது 20, செய்முறையில் குறைந்தது 15 எடுக்க வேண்டும். பழைய பாடத்திட்டத்தில் அறிவியலில் தோற்றவர்களும் செய்முறைப் பயிற்சி வகுப்புக்கு முன்கூட்டியே பதிந்து, போய் வந்தால்தான் தேர்வுக்கு விண்ணப்பிக்க முடியும். இது தெரியாமல் 2022-இல் நேராக விண்ணப்பிக்கப் போய்த் திரும்பி வந்தேன். அன்று பஸ் நிறுத்தத்தில் நின்று அழுதது இன்னும் நினைவில் இருக்கிறது. புத்தகம் வாங்குவதற்கு முன்பே மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குப் போய், செய்முறைப் பயிற்சிக்கு எப்போது பதிகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நான் அதைக் கடைசியில் கேட்டேன்.

பிறகு கும்பகோணத்தில் ஒரு டுடோரியலில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். ஏழு மாதத்துக்கு 7,500 ரூபாய். சனி, ஞாயிறு வகுப்பு. நகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லாததால் போக்குவரத்துச் செலவு மட்டும் மிச்சம். ஆனால் அந்த இரண்டு நாளும் வெற்றிலை கிள்ளவும் அடுக்கிக் கட்டவும் போக முடியாது. நாளுக்கு 250 ரூபாய் கூலி என்றால் ஐம்பத்தாறு நாளுக்கு 14,000 ரூபாய். கைடு 420, ஜெராக்ஸ் நோட்டு 350. மொத்தம் 22,270 ரூபாய். மகளிர் குழுவுக்கு நான்தான் கணக்கு எழுதுகிறேன் என்பதால் இதையும் தேதி போட்டு எழுதி வைத்திருந்தேன். தேர்வு முடிவு வந்த இரவில் அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வகுப்பில் நடந்தது இதுதான். ஆசிரியர் அறுபது சமன்பாடுகளைப் பலகையில் எழுதிப் போட்டு, "இதை அப்படியே மனப்பாடம் செய்யுங்கள், இதற்குள்ளிருந்து தவறாமல் வரும்" என்றார். ஏன் முன்னால் 2 வருகிறது, ஏன் இங்கே மட்டும் 4 என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்குக் கேட்கக் கூச்சம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு என் மூத்த மகனின் வயது. சமையல் செய்யும்போதும் கோலம் போடும்போதும் அறுபதையும் முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன். 2023 ஏப்ரல் தேர்வில் எழுத்துத் தாளில் 14 மதிப்பெண். மனப்பாடம் செய்த சமன்பாடுகள் நான்கைந்து ஒன்றோடொன்று கலந்துவிட்டன. எது எதன் எண் என்று அந்த அறையில் பிரிக்கவே முடியவில்லை.

வீட்டுக்கு வந்து கைடையும் நோட்டையும் வைத்துச் சரிபார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. நான் மனப்பாடம் செய்ததே சில இடங்களில் தப்பு. லெட் நைட்ரேட்டைச் சூடாக்கினால் லெட் ஆக்சைடு, பழுப்பு நிற நைட்ரஜன் டை ஆக்சைடு, ஆக்சிஜன் மூன்றும் வரும். நோட்டில் ஒரு லெட் நைட்ரேட்டிலிருந்து ஒரு லெட் ஆக்சைடு, இரண்டு நைட்ரஜன் டை ஆக்சைடு, ஓர் ஆக்சிஜன் என்று இருந்தது. எண்ணிப் பாருங்கள். இடப்பக்கம் ஆக்சிஜன் அணு ஆறு. வலப்பக்கம் ஒன்று, நான்கு, இரண்டு, ஆக ஏழு. எங்கிருந்தோ ஓர் ஆக்சிஜன் முளைத்திருக்கிறது. சரியானது இரண்டு லெட் நைட்ரேட், இரண்டு லெட் ஆக்சைடு, நான்கு நைட்ரஜன் டை ஆக்சைடு, ஓர் ஆக்சிஜன். இரண்டு பக்கமும் பன்னிரண்டு. அரை நிமிடம் எண்ணியிருந்தால் அச்சுப் பிழை தெரிந்திருக்கும். எண்ணலாம் என்பதே எனக்குத் தெரியாது. எந்த நோட்டிலிருந்து படித்தாலும், எவ்வளவு பெரிய ஆசிரியர் கொடுத்தாலும், ஒவ்வொரு சமன்பாட்டையும் படிக்கும் முன் இரு பக்கமும் எண்ணிவிடுங்கள்.

ஜூன் கடைசியில் துணைத்தேர்வு. அந்த ஆண்டு ஜூன் 12-ஆம் தேதி மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். ஊரே குறுவை வேலையில் இருந்தது. நான் திண்ணையில் புத்தகத்தோடு. இந்த முறை டுடோரியல் இல்லை, நானாகவே படித்தேன். இரு பக்கமும் எண்ண வேண்டும் என்பதைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்று எவரும் சொல்லவில்லை. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து தண்ணீர் ஆவதைச் சமன் செய்யும் இடத்தில், இடப்பக்கம் இரண்டு ஆக்சிஜன் இருக்கிறது, வலப்பக்கம் ஒன்றுதான் இருக்கிறது என்று பார்த்து, தண்ணீரின் வாய்பாட்டில் ஆக்சிஜனுக்குக் கீழே ஒரு சின்ன 2 போட்டேன். இரு பக்கமும் ஹைட்ரஜன் இரண்டு, ஆக்சிஜன் இரண்டு. கணக்குச் சரி என்று மகிழ்ச்சியோடு அடுத்த கேள்விக்குப் போனேன். நான் எழுதி வைத்தது தண்ணீரே இல்லை. அது ஹைட்ரஜன் பெராக்சைடு. புண்ணில் ஊற்றினால் நுரைக்குமே, அந்த மருந்து. இதே தப்பை அந்தத் தாளில் மூன்று இடத்தில் செய்திருந்தேன். மதிப்பெண் 17. மூன்று மதிப்பெண்ணில் போனது.

அதன் பிறகு இரண்டு மாதம் புத்தகத்தைத் தொடவில்லை. தலைஞாயிறு பக்கம் என் பிறந்த வீடு. அண்ணனிடம் கொஞ்சம் பணம் கேட்டு மறுபடி ஏதாவது வகுப்பில் சேரலாமா என்று ஓர் எண்ணம் இருந்தது. அந்த ஆண்டு தண்ணீர் பற்றாமல் கடைமடையில் குறுவை காய்ந்தது. அக்டோபரில் அணையையே மூடிவிட்டார்கள். அண்ணன் குரலைத் தொலைபேசியில் கேட்டபோதே பணம் கேட்கும் எண்ணம் போய்விட்டது. படிப்பு இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

ஐப்பசி மழைக்கு முன்னால் கொடிக்காலுக்குப் போர்டோ கலவை ஊற்றுவார்கள். மழையும் குளிரும் சேர்ந்தால் வெற்றிலைக் கொடியின் அடித்தண்டு அழுகி, கொத்துக் கொத்தாக வாடிவிடும். அதற்குத்தான் இது. மயில்துத்தத்தை ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் முதல் நாள் இரவே ஊறப் போடுவார்கள். இன்னொரு தொட்டியில் சுட்ட சுண்ணாம்பை நீற்றுவார்கள். காலையில் நீலத் தண்ணீரைச் சுண்ணாம்புப் பாலில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளற வேண்டும். பதினாறு ஆண்டுகளாக நான் பார்த்துவரும் வேலை. அன்று கிளறுவதற்கு ஆள் வரவில்லை என்று என் கணவர் என்னைக் கூப்பிட்டார். மூங்கில் கழியால் கிளறிக்கொண்டிருந்தேன். வான நீலத்தில், மோர் போலக் கலங்கலாகக் கலவை திரண்டது. அவர் இடுப்பிலிருந்த வெற்றிலைக் கத்தியை எடுத்து முனையைக் கலவைக்குள் விட்டு, ஒரு நிமிடம் வைத்திருந்து வெளியே எடுத்தார். வெளுப்பாக இருந்த இரும்பு முனையில் செம்பு நிறம் ஏறியிருந்தது. விரலால் தேய்த்தார், செந்தூள் போல ஒட்டியது. "சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் ஒரு கை போடு" என்றார்.

நான் கழியை விட்டுவிட்டு அந்தக் கத்தியையே பார்த்துக்கொண்டு நின்றேன். இரும்பும் காப்பர் சல்பேட்டும் சேர்ந்தால் இரும்பு சல்பேட்டும் காப்பரும் கிடைக்கும். ஒற்றை இடப்பெயர்ச்சி வினை. நோட்டில் பதினேழாவது சமன்பாடு. எத்தனை நூறு முறை முணுமுணுத்தேன். முதல் தேர்வில் அதையே தலைகீழாக, காப்பர் இரும்பைத் துரத்துவது போல எழுதிவிட்டு வந்தவள் நான். செய்முறை வகுப்பில் நீலப் படிகத்தைச் சோதனைக் குழாயில் சூடாக்கி, நீர் போய் வெள்ளையாக மாறுவதைக் கூடப் பார்த்திருக்கிறேன். காப்பர் சல்பேட் என்று அங்கே பெயர் சொன்னார்கள். எங்கள் கொட்டகையில் சாக்கில் கட்டி வைத்திருக்கும் மயில்துத்தம்தான் அது என்று ஒரு நொடி கூடத் தோன்றவில்லை. பெயர்தான் மறைத்துவிட்டது.

அன்று இரவு பாடப் புத்தகத்தை மறுபடி எடுத்தேன். ஒவ்வொரு பொருளுக்கும் எங்கள் வீட்டில், வயலில் என்ன பெயர் என்று ஓரத்தில் எழுதினேன். கால்சியம் ஆக்சைடு சுட்ட சுண்ணாம்பு. கால்சியம் ஹைட்ராக்சைடு மாமனாரின் வெற்றிலைச் செல்லத்தில் இருக்கும் சுண்ணாம்பு. கால்சியம் கார்பனேட் கிளிஞ்சல். கால்சியம் சல்பேட் ஜிப்சம், அண்ணன் களர் நிலத்துக்கு இறைப்பது. இரும்பு ஆக்சைடு மண்வெட்டித் துரு. இதைச் செய்து முடிக்க மூன்று இரவு ஆனது. பணம் கட்டிப் படித்த ஏழு மாதத்தை விட எனக்கு அது பயன்பட்டது. இதைத்தான் எல்லோருக்கும் முதலில் சொல்வேன்: சமன்பாட்டைத் தொடும் முன் அதைத் தமிழில் ஒரு வாக்கியமாகச் சொல்லுங்கள். கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டால் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும், கார்பன் டை ஆக்சைடு புகையோடு போகும். இந்த வாக்கியம் சொல்ல வந்துவிட்டால், எது அம்புக்குறிக்கு இந்தப் பக்கம், எது அந்தப் பக்கம் என்ற குழப்பமே வராது.

வகைப்படுத்துவதும் அப்படியே வந்தது. கிளிஞ்சல் ஒன்று, சூடு பட்டு இரண்டாகப் பிரிகிறது, சிதைவு வினை. வெப்பத்தால் பிரிந்ததால் வெப்பச் சிதைவு. மின்சாரத்தால் பிரிந்தால் மின்னாற் சிதைவு, வெளிச்சத்தால் பிரிந்தால் ஒளிச் சிதைவு. சுட்ட சுண்ணாம்பும் தண்ணீரும் சேர்ந்து நீற்றிய சுண்ணாம்பாகின்றன, இரண்டு ஒன்றாவது சேர்க்கை வினை. தொட்டி கொதிப்பதைப் பார்த்திருப்பீர்கள், வெப்பம் வெளியேறும் வினை. (நீற்றும்போது குனிந்து பார்க்காதீர்கள், தெறித்தால் கண் போய்விடும்.) கத்தியில் நடந்தது ஒரு தனிமம் ஒரு சேர்மத்துக்குள் புகுந்து இன்னொன்றை வெளியே தள்ளியது, ஒற்றை இடப்பெயர்ச்சி. இதில் யார் யாரைத் தள்ளலாம் என்பதற்கு வரிசை இருக்கிறது. இரும்பு வினைபுரிவதில் காப்பரை விட முந்தியது, அதனால் தள்ளும். செம்புக் குடத்தில் இரும்பு சல்பேட் கரைசலை ஊற்றினால் ஒன்றும் நடக்காது. தொட்டிக்குள் நடந்தது இரட்டை இடப்பெயர்ச்சி: காப்பர் சல்பேட்டும் கால்சியம் ஹைட்ராக்சைடும் துணை மாற்றிக்கொண்டு காப்பர் ஹைட்ராக்சைடும் கால்சியம் சல்பேட்டும் ஆகின்றன. பள்ளிப் பாட அளவில் அப்படி எழுதலாம். ஒரே தொட்டியில் இரண்டு வகை வினை. கத்தி சிவக்கிற வரைக்கும் தனிக் காப்பர் சல்பேட் மிச்சம் இருக்கிறது, அது கொடியைக் கருக்கிவிடும். சிவக்காமல் வந்தால் எல்லாம் சுண்ணாம்போடு சேர்ந்துவிட்டது. இரும்புத் தொட்டியில் இந்தக் கலவையை ஏன் போடக் கூடாது என்று மாமனார் கத்துவதற்கும் காரணம் இதுவே.

வகைப்படுத்துவதில் என்னைக் குழப்பிய இடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான்கு டப்பா வைத்துக்கொண்டு ஒவ்வொரு வினையையும் ஏதோ ஒன்றில்தான் போட வேண்டும் என்று நினைத்தேன். அப்படி இல்லை. மெக்னீசியம் நாடாவை எரித்தால் அது எரிதல் வினையும்தான், இரண்டு சேர்ந்து ஒன்றாவதால் சேர்க்கை வினையும்தான். சமையல் வாயு எரிவது எரிதல், ஆனால் சேர்க்கை இல்லை, ஏனென்றால் கார்பன் டை ஆக்சைடு, நீராவி என்று இரண்டு வெளியே வருகின்றன. மூடாமல் வைத்த சுண்ணாம்பு டப்பாவின் மேல் ஏடு கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு பட்டு நீற்றிய சுண்ணாம்பு மறுபடி கால்சியம் கார்பனேட்டாக, அதாவது கிளிஞ்சலின் சரக்காகவே மாறுகிறது. சுவருக்கு அடித்த வெள்ளை இரண்டு மூன்று நாளில் இறுகிப் பளபளப்பதும் இதனால்தான். இந்த வினையை எந்த டப்பாவில் போடுவது என்று இரண்டு இரவு யோசித்தேன். சேர்மம் இரண்டு சேர்ந்து சேர்மம் இரண்டு வருகிறது, ஆனால் துணை மாற்றிக்கொள்ளவில்லை. கார்பன் டை ஆக்சைடு அமிலத் தன்மை உள்ளது, சுண்ணாம்பு காரம், ஆகவே இது நடுநிலையாக்கலின் உறவு. கேள்வியில் "எவ்வகை வினை" என்று கேட்டால் வகையின் பெயரோடு காரணத்தையும் ஒரு வரி எழுதுங்கள்.

இனிச் சமன் செய்வது. ஹைட்ரஜன் பெராக்சைடு தப்புக்கு மருந்து எனக்கு வெற்றிலைக் கட்டிலிருந்து கிடைத்தது. எங்கள் பக்கம் ஒரு கவுளி என்றால் நூறு வெற்றிலை. வியாபாரி பத்துக் கவுளி கேட்கலாம், ஐம்பது கேட்கலாம், அது அவர் விருப்பம். கவுளிக்குள் எண்பது வைத்துக் கட்டிவிட்டுக் கவுளி என்று சொல்ல முடியாது. வாய்பாட்டுக்குள் கீழே சிறிதாக எழுதும் எண் கவுளிக்குள் இருக்கும் வெற்றிலை. அது அந்தப் பொருளின் இலக்கணம், அதை மாற்றினால் பொருளே மாறிவிடும். வாய்பாட்டுக்கு முன்னால் போடும் எண் எத்தனை கவுளி என்பது. சமன் செய்வதில் நாம் மாற்ற உரிமை உள்ளது இந்த முன் எண்ணை மட்டும்தான். அப்படிப் பார்த்தால் தண்ணீர்க் கணக்கு: இரண்டு ஹைட்ரஜன் மூலக்கூறு, ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு, இரண்டு தண்ணீர். முடிந்தது.

ஆனால் வாய்பாடே தப்பாக இருந்தால் சமன் செய்ய உட்காருவதே வீண். ஆகவே இணைதிறன், அதாவது ஒன்று மற்றதோடு சேர எத்தனை கை நீட்டும் என்ற எண், அதுதான் முதலில். சோடியம், பொட்டாசியம், வெள்ளி, குளோரைடு, நைட்ரேட், ஹைட்ராக்சைடு ஒன்று, கால்சியம், மெக்னீசியம், துத்தநாகம், ஆக்சைடு, சல்பேட், கார்பனேட் இரண்டு, அலுமினியம் மூன்று. இரும்புக்கு இரண்டும் உண்டு, மூன்றும் உண்டு. இந்தச் சின்னப் பட்டியலை ஒரு தாளில் எழுதி அரிசிப் பானைக்கு மேல் ஒட்டினேன். நான் மனப்பாடம் செய்தது இது ஒன்றைத்தான். ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன், குளோரின் போன்ற வாயுக்கள் தனியாக நிற்கும்போது இரட்டை அணுக்களாகத்தான் நிற்கும் என்பதையும் அதே தாளில் சிவப்பு மையில் எழுதினேன். இந்த இரட்டையை மறந்தால் கணக்கு எப்படி முயன்றாலும் ஒட்டாது.

எண்ணுவதற்குத் தொடக்கத்தில் கொட்டைகளை வைத்துக்கொண்டேன். புளியங்கொட்டை ஆக்சிஜன், வேப்பங்கொட்டை ஹைட்ரஜன், குன்றிமணி கார்பன். தரையில் சாக்கட்டியால் ஒரு கோடு, இந்தப் பக்கம், அந்தப் பக்கம். பிள்ளைகள் தூங்கிய பிறகு சமையல் கட்டில் உட்கார்ந்து அடுக்குவேன். சமையல் வாயுவில் இருக்கும் புரோப்பேனை எடுத்துக்கொள்ளுங்கள். கார்பன் மூன்று, ஹைட்ரஜன் எட்டு. எரியும்போது கார்பன் எல்லாம் கார்பன் டை ஆக்சைடாகும், எனவே அது மூன்று. ஹைட்ரஜன் எல்லாம் தண்ணீராகும், தண்ணீருக்கு இரண்டிரண்டு வேண்டும், எனவே நான்கு. இப்போது வலப்பக்கப் புளியங்கொட்டையை எண்ணுங்கள்: ஆறும் நான்கும் பத்து. ஆக்சிஜன் இரட்டையாக வருவதால் ஐந்து மூலக்கூறு. ஆக்சிஜனைக் கடைசிக்கு வைத்ததால்தான் இவ்வளவு எளிதாக வந்தது. தனியாக நிற்கும் தனிமத்தைக் கடைசியில் தொடுங்கள், அதன் எண்ணை மாற்றினால் வேறெதுவும் குலையாது. பியூட்டேன் என்றால் கார்பன் நான்கு, ஹைட்ரஜன் பத்து. நான்கு கார்பன் டை ஆக்சைடு, ஐந்து தண்ணீர், ஆக்சிஜன் பதின்மூன்று. ஒற்றைப்படை. ஆறரை மூலக்கூறு எழுத முடியாது, ஆகவே எல்லாவற்றையும் இரட்டித்துவிடுங்கள்: இரண்டு பியூட்டேன், பதின்மூன்று ஆக்சிஜன், எட்டு கார்பன் டை ஆக்சைடு, பத்துத் தண்ணீர். அலுமினியம் ஆக்சைடிலும் இதே ஒற்றை இரட்டைச் சிக்கல். இரண்டுக்கும் மூன்றுக்கும் பொதுவான ஆறைப் பிடித்தால் நான்கு அலுமினியம், மூன்று ஆக்சிஜன், இரண்டு அலுமினியம் ஆக்சைடு என்று விழும். மகளிர் குழுக் கணக்கில் ஐந்து ரூபாய் உதைத்தாலும் எழுந்திருக்காமல் தேடுகிறவள், இந்த வரவு செலவைப் பார்த்து இருபது ஆண்டுகள் பயந்திருக்கிறேன்.

சல்பேட், நைட்ரேட், கார்பனேட் போன்றவை உடையாமல் இடம் மட்டும் மாறினால், அவற்றைக் கொட்டைக் கொட்டையாகப் பிரிக்காதீர்கள், ஒரே உருப்படியாக எண்ணுங்கள். பாதி வேலை மிச்சம். இன்னொன்று, சில சமன்பாடுகள் எழுதும்போதே சமமாக இருக்கும். களர் நிலத்தில் ஜிப்சம் என்ன செய்கிறது என்று பாருங்கள். கால்சியம் சல்பேட்டும் மண்ணிலுள்ள சோடியம் கார்பனேட்டும் சேர்ந்து கால்சியம் கார்பனேட்டும் சோடியம் சல்பேட்டும் ஆகின்றன. எல்லாம் ஒன்றுக்கு ஒன்று. சோடியம் சல்பேட் கரைந்துவிடும், தண்ணீர் கட்டி வடித்தால் வெளியே போகும், அதற்காகத்தான் ஜிப்சம் போட்டு நீர் தேக்குகிறார்கள். இப்படிப்பட்ட சமன்பாட்டில் ஏதாவது எண் போட்டாக வேண்டும் என்ற பயத்தில் நான் 2 போட்டுக் கெடுத்திருக்கிறேன். எண்ணிச் சரியாக இருந்தால் கையை எடுத்துவிடுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்துப்போன கணக்கு போர்டோ கலவையினுடையது. ஒரு சதவீதக் கலவைக்கு ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு, நூறு லிட்டர் தண்ணீர் என்பது வழக்கம். சமன்பாட்டிலும் ஒன்றுக்கு ஒன்று, கிலோவிலும் ஒன்றுக்கு ஒன்று, இரண்டும் ஒன்றே என்று முதலில் நினைத்தேன். மூலக்கூறு நிறையைக் கூட்டிப் பார்த்தேன். ஐந்து நீர் மூலக்கூறு சேர்ந்த மயில்துத்தம் 249.5. சுட்ட சுண்ணாம்பு 56. எண்ணிக்கையில் ஒன்றுக்கு ஒன்று என்றால் ஒரு கிலோ மயில்துத்தத்துக்குச் சுத்தமான சுண்ணாம்பு சுமார் 224 கிராம் போதும். மீதி எல்லாம் காப்பர் மிஞ்சிவிடாமல் இருக்கப் போடும் உபரி. அப்படியானால் எங்கள் கலவையில் கத்தி ஏன் சிவந்தது? வாங்கிய சுண்ணாம்பு காற்றுப் பட்டுக் கிடந்த பழைய சரக்கு. முக்கால் பங்குக்கு மேல் திரும்பவும் கார்பனேட்டாகியிருக்க வேண்டும். என் கணவரிடம் சொன்னேன். அடுத்த முறை காளவாயிலிருந்து அன்றே எடுத்த சுண்ணாம்பாகப் பார்த்து வாங்கினார், ஒரு கிலோவிலேயே கத்தி வெளுப்பாக வந்தது. சமன்பாடு எண்ணிக்கையைச் சொல்கிறது, எடையைச் சொல்வதில்லை. இது புரிந்தால் பத்தாம் வகுப்பின் மோல் கணக்கும் பாதி புரிந்துவிடும்.

நவம்பரிலிருந்து மார்ச் வரை நாளுக்கு முக்கால் மணி நேரம்தான் படித்தேன். ஒரு நாளுக்கு மூன்று சமன்பாடு: வாக்கியம், வாய்பாடு, எண்ணிக்கை, வகை. காசு ஒன்றும் செலவில்லை. 2024 தேர்வில் நோட்டிலும் கைடிலும் நான் பார்த்தே இராத ஒரு சமன்பாடு சமன் செய்யக் கொடுத்திருந்தார்கள். கை நடுங்கியது உண்மை. கேள்வித்தாளின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் எத்தனை, அந்தப் பக்கம் எத்தனை என்று எழுதினேன். நான்காவது வரியில் சமமானது. மறுபடி ஒரு முறை எண்ணிவிட்டுத்தான் விடைத்தாளில் எழுதினேன். மே மாதம் முடிவு வந்தது. எழுத்தில் 38, செய்முறையில் 22.

கட்டுநர் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறேன், இன்னும் அழைப்பு வரவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் இந்த ஆண்டு பத்தாம் வகுப்பு. மாலையில் கொட்டை டப்பாவை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறாள். ஐப்பசி நெருங்குகிறது. மயில்துத்தம் வாங்கி வந்தாகிவிட்டது. கலவைக்குள் கத்தியை விட்டுப் பார்க்கும் வேலையை இந்த முறை அவளிடம் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.